கிலோ விலையா, நீராவி விலையா?

டில்லியைச் சுற்றியுள்ள பரீதாபாத், காசியாபாத், பானிப்பட் ஆகிய ஊர்களில் சாயப்பட்டறை முதல் உணவுப் பண்ட ஆலை வரை பலவற்றுக்கும் உயிர்நாடி பாய்லர்தான். நீராவி நின்றால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் கூலியும் நிற்கும். அந்தப் பாய்லரில் எதைப் போட்டு எரிப்பது என்பதே சில ஆண்டுகளாக முதலாளிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் பெரும் கேள்வியாக இருந்து வருகிறது.

கரிக்குத் தடை

இதற்குக் காரணம் டில்லியின் காற்று. உத்தரப் பிரதேசம், அரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் பர்னஸ் ஆயிலையும் பெட் கோக்கையும் எரிக்கக் கூடாது என்று 2017 அக்டோபர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சிமெண்டு ஆலை போன்ற சிலவற்றுக்குப் பின்னர் விலக்கு கிடைத்தது. இவ்விரண்டும் பெட்ரோலிய சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சும் சரக்கு. விலை மலிவு, கந்தகம் அதிகம். பர்னஸ் ஆயிலில் 4 சதவீதம் வரையிலும், பெட் கோக்கில் 7 சதவீதம் வரையிலும் கந்தகம் இருப்பதுண்டு. அது எரிந்து வரும் வாயு நெஞ்சைப் பிடிக்கும்.

அடுத்து, 2023 ஜனவரி 1 முதல் தலைநகர் வட்டாரம் முழுவதும் ஆலைகளில் நிலக்கரி எரிக்கவும் தடை வந்தது. அனல் மின் நிலையங்களுக்கு மட்டும் விலக்கு. ஆலைகளுக்கு முக்கியமாக மிஞ்சிய வழிகள் இரண்டு: குழாயில் வரும் எரிவாயு, உமி, வைக்கோல் போன்ற வேளாண் கழிவு.

கணக்குப் பார்க்கும் விதம்

கிலோ என்ன விலை என்று பார்த்துச் சரக்கு வாங்குவதே பல கம்பெனிகளின் வழக்கம். ஆனால் ஆலைக்கு வேண்டியது கரி அல்ல, நீராவி. 60 டிகிரி சூடுள்ள தண்ணீரில் ஒரு கிலோவை நீராவியாக்கச் சுமார் 600 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நம் நாட்டுக் கரி ஒரு கிலோவில் சுமார் 4,000 கிலோ கலோரி உண்டு. அதில் 70 சதவீதம் பயன்பட்டால் கிடைப்பது சுமார் 4.7 கிலோ நீராவி. உமியில் 3,200 என்று கொண்டால் மூன்றே முக்கால் கிலோதான் தேறும். எரிவாயுவோ ஒரு கன மீட்டருக்குச் சுமார் 9,000. நன்றாக எரிந்தால் பன்னிரண்டரைக் கிலோ நீராவி தரும்.

எரிபொருளின் விலையை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு கிலோ நீராவியின் விலை தெரிந்துவிடும். அத்துடன் சாம்பல் அள்ளும் கூலி, கந்தகம் அரித்த குழாயை மாற்றும் செலவு, புகை வடிகட்டும் செலவு ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். நம் கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை சாம்பல் என்பதை மறக்கக் கூடாது.

இவ்வளவு கூட்டிய பிறகும் எரிவாயு பல சமயம் கூடுதல் விலையாகவே நிற்கும். ஆனால் அதில் சாம்பல் இல்லை. கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். ஒரே அளவு வெப்பத்துக்குக் கரி 100 பங்கு கரியமில வாயுவை வெளிவிட்டால், எரிவாயு விடுவது ஏறக்குறைய 60 பங்குதான். எனினும் அதிலும் நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும்; அதற்கேற்ற பர்னர் வேண்டும்.

வைக்கோலும் உதவும்

நம் ஊரில் மாட்டுக்குப் போடும் வைக்கோல், பஞ்சாப், அரியானா வயல்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொளுத்தப்படுகிறது. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடைவெளி குறைவு என்பதே காரணம். அந்தப் புகை டில்லி வரை வருகிறது. அதே வைக்கோலைக் கட்டியாக அழுத்திப் பாய்லரில் எரித்து, புகையைப் பேக் பில்டரில் வடிகட்டினால், வயலில் வீணாகும் வெப்பம் ஆலைக்குப் பயன்படும். ஆனால் கரி அடுப்பில் அப்படியே கொட்டினால் தொல்லைதான். வைக்கோலில் உள்ள பொட்டாசியத்தாலும் குளோரினாலும் சாம்பல் உருகி ஒட்டிக் கொள்ளும், இரும்பை அரிக்கும். ஈரமாக இருந்தாலோ, சூட்டில் ஒரு பகுதி ஈரத்தை உலர்த்தவே போய்விடும்.

ஆளின் கையில்

எந்தச் சரக்கானாலும், எரிக்கத் தெரியாவிட்டால் பயனில்லை. காற்றைத் தேவைக்கு மேல் விட்டால் சூடு புகைபோக்கி வழியே ஓடிவிடும். குறைத்தால் கரும்புகை வரும். வெளியேறும் புகையின் சூட்டை 22 டிகிரி குறைத்தால் பாய்லரின் திறன் ஒரு சதவீதம் கூடும். உள்ளே போகும் தண்ணீரைக் கழிவுச் சூட்டால் 6 டிகிரி சூடாக்கினாலும் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். குழாயில் 3 மில்லி மீட்டர் புகைக்கரி படிந்தாலோ இரண்டரை சதவீதம் கூடுதலாகச் செலவாகும். விலை கூடிய எரிவாயுவின் சுமையை இப்படித்தான் ஓரளவு இறக்க முடியும்.

எரிவாயு வந்தால் கரி தள்ளும் வேலையும் சாம்பல் அள்ளும் வேலையும் போகும் என்பது உண்மை. தூசியில் நின்று நெஞ்சைக் கெடுத்துக் கொண்ட தொழிலாளி, அத்தோடு பிழைப்பையும் இழக்க நேருவது நியாயம் ஆகாது. பாய்லர் அட்டெண்டண்ட் சான்றிதழுக்குரிய பயிற்சியை அவருக்கு அளிப்பது கம்பெனியின் கடமை. புதிய பர்னரின் அளவுமானியைப் படிக்கவும், காற்றைத் திருத்தவும், கணக்கு எழுதவும் அங்கே ஆள் தேவை. எரிபொருளை மாற்றும் கம்பெனி ஆளை மாற்ற வேண்டியதில்லை. அவருக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தால் போதும். புகைபோக்கியும் தெளியும், அடுப்பும் அணையாது.