செல்ஃப் எடுக்காத லாரி
பழைய லாரி கிளம்ப மறுத்தால் பழி ஸ்டார்ட்டர் மோட்டார் மீது விழுகிறது. கோளாறு பல சமயம் வேறிடத்தில்.

மணாலியிலிருந்து லேவுக்குப் போகும் சாலையில் சர்ச்சு, சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் இரவில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். இந்த மலைப்பாதைகளில் விடியற்காலையில் பழைய லாரியின் வயிற்றுக்குக் கீழே தகர டப்பாவில் தீ மூட்டி ஆயில் சம்ப்பைச் சூடாக்குவது டிரைவர்களின் பழைய வழக்கம். ஆபத்தான வழக்கமும்கூட. செல்ஃப் மீது நம்பிக்கை இழந்தவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: இரவு முழுக்க எஞ்சினை அணைப்பதே இல்லை. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் டீசல் வீணாகப் புகைகிறது.

காரணம் எளிது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16, 17 மடங்கு அமுக்கினால் பிறக்கும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேலாவது சுழல வேண்டும். அதைச் சுழற்றுவது ஸ்டார்ட்டர் மோட்டார். குளிரில் ஆயில் பிசினாக இறுகுகிறது. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் வலு ஏறத்தாழ பாதியாகிறது. சமவெளி வெயிலில் மறைந்திருந்த கோளாறெல்லாம் மலையில் அம்பலமாகிவிடும்.

சமவெளியிலும் செலவு குறைவல்ல. பாரம் ஏற்றிய 16 டன் லாரியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. சரிவு தேடித்தான் நிறுத்த வேண்டும். அல்லது இன்னொரு லாரி கட்டி இழுக்க வேண்டும். ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துப் பிழைக்கும் சிறு உரிமையாளருக்கு ஒரு நாள் நின்றாலே தவணைப் பணத்தில் துண்டு விழும். அந்த அவசரத்தில் செய்யும் முதல் காரியம், மோட்டாரைக் கழற்றி மாற்றுவது. இரண்டு வாரம் கழித்து அதே கோளாறு திரும்பி வருகிறது.

ஒலியே சாட்சி

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஸ்பானரை எடுப்பதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்கிறார். சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் எரியட்டும். 'டக் டக் டக்' என்று வரிசையாகத் தட்டி விளக்கு மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது அதன் முனை இணைப்பு கெட்டிருக்கிறது. ஒரே ஒரு 'டக்', விளக்கு மங்கவில்லை என்றால் சாலினாய்டின் செப்பு முனைகள் கருகியிருக்கலாம். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் மட்டும் 'விர்'ரென்று சுழன்று எஞ்சின் அசையாவிட்டால் பினியன் ஃப்ளைவீல் பல்லைப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லையா? சாவி சுவிட்சிலிருந்து சாலினாய்டுக்குப் போகும் சின்ன வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது மீட்டர். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டியில் 25.2. எஞ்சின் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும்.

சரியவில்லை, ஆனால் மோட்டார் முனகுகிறது என்றால் சந்தேகம் கேபிள்மீது திரும்புகிறது. பழைய லாரிகளில் அதிகம் ஏமாற்றும் இடம் எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை. துருவும் பெயின்ட்டும் கிரீஸும் அதன் அடியில் படிந்துவிடும். ஓம் கணக்கில் 0.002 என்ற அற்பத் தடைகூட 500 ஆம்பியர் பாயும்போது ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அகப்பட்டான். உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை இறுக்கினால் தீர்ந்தது.

உண்மையிலேயே மோட்டார் கெட்டிருந்தாலும் தூக்கி எறியத் தேவையில்லை. நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் இது அன்றாட வேலை. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் போன்ற நிறுவனங்களின் மோட்டார்கள் பிரித்துப் பூட்டும்படி அமைந்தவை. தேய்ந்த பிரஷ், புஷ், சாலினாய்டு மூன்றையும் மாற்றி, கம்யூட்டேட்டரைக் கடைந்துவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். புஷ்ஷைப் புறக்கணித்தால் ஆர்மேச்சர் உள்சுவரில் உரசும். பிறகு ரீவைண்டிங் செலவு.

ஒரு விசித்திரம்: ஆறு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் மூன்றே நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். அதனால் ஃப்ளைவீல் ரிங்கின் பற்கள் மூன்று இடங்களில் மட்டும் தேயும். சில நேரம் எடுக்கிறது, சில நேரம் கரகரக்கிறது என்றால் அதுதான் விஷயம். ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, இடம் மாற்றிப் பூட்டும் கைவினை பழைய மெக்கானிக்குகளிடம் இருக்கிறது.

உயிர் குடிக்கும் குறுக்கு வழி

வண்டிக்கு அடியில் படுத்து, சாலினாய்டின் இரு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்வது பல கிளீனர்களுக்கு அத்துப்படி. கியர் விழுந்திருந்தால் லாரி துள்ளி நகரும். கீழே இருப்பவர் தப்புவது கடினம். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை மூன்றும் இல்லாமல் யாரும் அடியில் போகக் கூடாது. மோட்டாரைக் கழற்றுமுன் பேட்டரியின் எர்த் கேபிளை எடுத்துவிட வேண்டும். மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளில் சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் இருக்கும்.

பராமரிப்பு விதி சின்னது: ஒரு முறைக்கு பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே, எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடமாவது ஆறவிடு. மழைக்காலம் முடிந்ததும் எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய். புது மோட்டாரின் விலைக்குமுன் ஒரு துண்டு உப்புத்தாள் எம்மாத்திரம்?