நெப்போலியன் தலை போட்ட தங்கக் காசு: உருக்கினால் போச்சு!

பேராவூரணி,
நெப்போலியனை வெள்ளைக்காரர்கள் தோற்கடித்ததன் நினைவாக சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்கு மனோரா, பேராவூரணிக்குக் கிழக்கே கடற்கரையில் 200 ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. அதே நெப்போலியன் தலை போட்ட தங்கக் காசுக்கு இன்று உலகம் முழுக்க கிராக்கி!

1803-ல் வந்தது இந்த 20 பிராங்க் காசு. பட்டப்பெயரே 'நெப்போலியன்'தான். எடை 6.45 கிராம், முக்கால் பவுனுக்குச் சற்று மேல். ஆயிரத்தில் 900 பங்கு தங்கம். 22 காரட்டுக்குக் கொஞ்சம் மட்டம்.

டெல்டாவில் காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து சைகோனுக்குப் பிழைக்கப் போனவர்களும் உண்டு. தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு காசு கிடந்தால்?

எழுத்தைப் பாருங்க!

நகைக்கடைக்காரர் பார்ப்பது எடையை. சேகரிப்பவர் பார்ப்பது ஆண்டையும், பொடி எழுத்தையும். 'ஏ' என்றால் பாரிஸ். 'பிபி' என்றால் ஸ்ட்ராஸ்பர்க். 1871-ல் அந்த ஊர் ஜெர்மனிக்குப் போனது. அந்த எழுத்தும் நின்றது. 1887-ல் அடித்த 100 பிராங்க் காசு சில நூறுதான். அதை உருக்கினால் மிஞ்சுவது வெறும் நாலு பவுன்!

உஷார்!

சேவல் போட்ட காசில் 1907 முதல் 1914 வரை ஆண்டு இருந்தால், பெரும்பாலும் 1950-களில் பழைய ஆண்டைப் போட்டு மறுபடி அடித்தது. தங்கம் அசல், அபூர்வம் அல்ல.

மண்ணில் கிடைத்தால் கமுக்கமாக அமுக்கக் கூடாது. 1878 புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை ஜெயில்! நூறு வயது தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்பவும் 1972 சட்டம் தடை போட்டிருக்கிறது.

வீட்டில் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீங்க, பட்டறைக்கும் ஓடாதீங்க. முதலில் ஆண்டைப் படியுங்க!