பூனை ரத்தத்தில் பதுங்கும் கிருமி! ஒரே சோதனையில் சிக்காது

எலியைக் கண்டால் பாயும் பூனை, பால் தட்டைக் கூட ஏறெடுத்துப் பார்க்காமல் சுருண்டு கிடக்கிறதா? "சூடு பிடிச்சிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டு விடாதீர்கள். ரத்தத்தில் கிருமி புகுந்திருக்கலாம்!

இந்த ரத்த ஒட்டுண்ணியின் பெயர் மைக்கோபிளாஸ்மா ஹீமோபெலிஸ். பல நாடுகளிலும் பூனைகளுக்கு வருகிறது. சிவப்பு அணுக்களின் மேல் அட்டை போல ஒட்டிக்கொள்ளும். அணுக்கள் அழியும். ரத்தசோகை முற்றினால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

தெள்ளுப்பூச்சி இதைப் பரப்புவதாகச் சந்தேகம். ஊர் சுற்றிச் சண்டை போட்டு, கடிபட்டு வரும் கடுவன் பூனைகளிடம்தான் அதிகம்.

வாயைத் திறந்து பாருங்கள்

ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்தோ, மஞ்சளாகவோ இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். காய்ச்சல், மூச்சு வாங்குவது, உடம்பு இளைப்பது ஆகியவையும் அறிகுறிகள்.

மாயமாகும் ஆசாமி!

டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அணுக்களின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் ஆசாமி அகப்பட்டான்!

ஆனால் இவன் சாமானியன் அல்ல. காலையில் கூட்டமாகத் தெரிவான். சாயங்காலம் காணாமல் போவான். உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாயில் ரத்தத்தை வைத்திருந்தால், அணுவை விட்டுக் கழன்றும் விடுவான். அதனால் எடுத்த உடனே தகட்டில் தடவுவது நல்லது.

தகடு சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நம்பகமானது பி.சி.ஆர். சோதனை. 2020-ல் கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்களே, அதே முறைதான். இங்கே ரத்தத்தை லேபுக்கு அனுப்ப வேண்டும். மருந்து தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்து விட வேண்டும். மருந்து உள்ளே போனால் கிருமி குறைந்து, சோதனையில் தப்பி விடும்.

கை வைத்தியம் வேண்டாம்

காய்ச்சல்தானே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்து விடாதீர்கள். பூனைக்கு அது விஷம்! இந்த நோய்க்கு டாக்சிசைக்ளின் மருந்து உண்டு. டாக்டர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். மாத்திரை தொண்டையில் சிக்கிப் புண்ணாக்கும். பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள்.

சென்னைவாசிகளுக்கு 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. "ஒரு தடவை பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க" என்று சும்மா இருக்காதீர்கள். ஈறு இன்னும் வெளுத்தே இருந்தால், கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கிளம்புங்கள்!