மீனவர் செயலியில் அலை உயரம் எந்த டேப்பில் இருக்கணும்? மொபைல் திரைகளைப் பிரிப்பது எப்படி?

அதிகாலை 3 மணி. கோவளம் மணலில் ஃபைபர் படகுகள் நிற்கின்றன. இங்கே பெரிய மீன்பிடித் துறைமுகம் எதுவும் கிடையாது. படகை மணலில் இருந்து தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். 2021-ல் நீலக்கொடி சான்றிதழ் வாங்கிய கடற்கரை இது. பகலில் வருபவர்களுக்கு அலை என்றால் சர்ஃபிங், செல்ஃபி. அதிகாலையில் படகைத் தள்ளுபவருக்கோ, அதே அலை இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்கிற கேள்வி.

அந்தக் கேள்விக்கான பதில் இப்போது கையில் இருக்கும் போனிலேயே கிடைக்கிறது. ஆனால் போனில் இருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. செயலியைத் திறந்ததும் அலை உயரம் தெரிகிறதா, இல்லை நாலு முறை தட்டிய பிறகு தெரிகிறதா? இதைத் தீர்மானிப்பது செயலியின் திரைகளைப் பிரித்து வைக்கும் விதம். அதில் முக்கியமானது 'டேப்'.

ஒரே செயலியில் இத்தனை விஷயமா?

சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம் நிறுவனத்தின் துணையோடு உருவாக்கியது 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலி. ஸ்மார்ட்போன் பரவாத காலத்தில் சாதாரண போன்களில் தொடங்கி, பிறகு ஆண்ட்ராய்டுக்கு வந்தது. தமிழிலும் கிடைக்கிறது. கடல் தகவல்களைத் தருவது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம்.

அலை உயரம், காற்றின் வேகம், மீன் அதிகம் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி, சர்வதேச கடல் எல்லை எச்சரிக்கை, ஆபத்தான இடங்கள், சந்தை விலை, அரசுத் திட்டங்கள், அவசர உதவி... மீனவருக்கு ஒரு செயலி தர வேண்டியவை இவ்வளவு. இதில் மீன் கிடைக்கும் பகுதியைக் கணிப்பதே தனிக் கதை. கடல்மட்ட வெப்பநிலையையும், நீரில் உள்ள பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, மீன் கூடும் இடத்தை ஊகிக்கிறார்கள்.

இத்தனையையும் கையகலத் திரையில் எப்படி அடுக்குவது? இப்படி ஒரு செயலியைப் புதிதாக வடிவமைப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

மூன்று கோடு மெனுவா, டேப்பா?

சுலபமான வழி, மேல் மூலையில் மூன்று கோடு போட்டு எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடுவது. டெவலப்பருக்கு நிம்மதி. பிரச்னை என்னன்னா, உள்ளே இருப்பது ஒன்றுமே வெளியில் தெரியாது. தெரியாததை யாரும் தேடிப் போவதும் இல்லை. ஃபேஸ்புக் தன் ஐபோன் செயலியில் இந்த மெனுவை வைத்திருந்து, 2013-ல் அதை ஓரங்கட்டிவிட்டு கீழே டேப் வரிசைக்கு மாறியது இதனால்தான். மறைத்து வைத்த மெனுவை மக்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று 2016-ல் நீல்சன் நார்மன் குழுமம் செய்த ஆய்வும் சொன்னது.

டேப் என்பது பழைய அலுவலக ஃபைல்களில் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் அட்டைத் துண்டு மாதிரி. ஃபைலைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். எல்லா டேப்பும் ஒரே வரிசையில் எப்போதும் கண்முன்னால் இருக்கும். எதிலிருந்தும் எதற்கும் ஒரே தட்டில் போகலாம்.

எத்தனை டேப் வைக்கலாம்?

திரையின் கீழே வைக்கும் முக்கிய டேப்களுக்கு கூகுள் சொல்லும் கணக்கு 3 முதல் 5 வரை. ஐபோனில் 5-க்கு மேல் போனால், மிச்சமிருப்பதை எல்லாம் 'மேலும்' என்ற டேப்புக்குள் அள்ளிப் போட்டுவிடும். காரணம் இடம்தான். பல ஆண்ட்ராய்டு போன்களின் திரை அகலம், டெவலப்பர்கள் அளக்கும் 'டிபி' கணக்கில் 360. ஐந்து டேப் வைத்தால் ஆளுக்கு 72. விரல் தப்பாமல் பட குறைந்தது 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் தேவை. ஆக, விரலுக்கு இடம் போதும். எழுத்துக்குத்தான் போதாது.

இங்கேதான் தமிழ்ச் செயலிகள் பலவும் சறுக்குகின்றன. ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே மொழிபெயர்த்து 'வானிலை முன்னறிவிப்பு' என்று போட்டால் திரையில் 'வானிலை முன்ன...' என்று பாதியில் நிற்கும். 'சந்தை விலை நிலவரம்' கதியும் அதுவே. தமிழ் நீளமான மொழி என்று இதற்குப் பழி சொல்வதில் நியாயமில்லை. கடல், மீன், விலை, உதவி. நாலே சொல், நாலும் கரையில் புழங்கும் சொல். இந்த நாலு டேப் போதும். அலையும் காற்றும் 'கடல்' டேப்பில், செயலி திறந்ததும் வரும் முதல் திரையாக. மீன் கிடைக்கும் பகுதியும் எல்லைக்கோடும் ஒரே வரைபடமாக 'மீன்' டேப்பில். சந்தை 'விலை'யில். திட்டங்களும் தொலைபேசி எண்களும் 'உதவி'யில்.

அப்போ அவசர உதவி பட்டன்? அதை டேப்பாக வைக்கக் கூடாது. டேப் ஒரு இடத்துக்கு அழைத்துப் போக வேண்டுமே தவிர, ஒரு செயலைச் செய்துவிடக் கூடாது. ஆப்பிள் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஈரக் கையோடு 'விலை'யைத் தொடப் போய் பக்கத்தில் இருக்கும் எஸ்ஓஎஸ் மேல் விரல் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தண்ணீர்ப் பட்ட தொடுதிரை விரலைச் சரியாகப் புரிந்துகொள்ளாது என்பது வேறு. அவசர பட்டன் தனியாக, பெரிதாக, 'அனுப்பட்டுமா?' என்று ஒருமுறை கேட்பதாக இருக்க வேண்டும்.

மேலேயா, கீழேயா?

கீழே. 2013-ல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர், பொது இடங்களில் 1,333 பேர் போன் பிடிக்கும் விதத்தைக் கவனித்தார். 49 சதவிகிதம் பேர் ஒரே கையால் பயன்படுத்தினார்கள். படகில் இன்னொரு கை எங்கே இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கட்டைவிரல் எட்டுவது திரையின் கீழ்ப்பகுதிதான். மேலே வைக்கும் டேப்கள், ஒரே விஷயத்தை உள்ளுக்குள் பிரிக்க உதவும். 'கடல்' திரைக்குள்ளேயே இன்று, நாளை, நாளை மறுநாள் என்று மூன்று டேப் மேலே வைப்பது போல.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு டேப்பின் திரையும் பெரும்பாலும் ஒரு 'ஃபிராக்மென்ட்'. மேல் டேப்களை வரைவது 'டேப்லேஅவுட்'. விரலால் தள்ளினால் பக்கம் மாறச் செய்வது 'வியூபேஜர்2'. இரண்டையும் இணைக்க 'டேப்லேஅவுட்மீடியேட்டர்' என்று ஒன்று உண்டு. டேப்பைத் தொட்டால் பக்கம் மாறும், பக்கத்தைத் தள்ளினால் டேப்பும் நகரும். கீழ் டேப்களுக்கு 'பாட்டம் நேவிகேஷன்' தனி.

கேட்க எளிதாக இருந்தாலும் சிக்கல் வருவது வரைபடத்தில். கீழ் டேப்களுக்கும் ஆசைப்பட்டு ஸ்வைப் வசதியைக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோடு எங்கே என்று பார்க்க மீனவர் வரைபடத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறார். 'டேப்பை மாற்றச் சொல்கிறார்' என்று செயலி புரிந்துகொள்கிறது. எல்லை பார்க்கப் போனவர் வஞ்சிரம் விலையில் போய் நிற்பார். புதிதாகச் செயலி எழுதும் பலரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் இது. தீர்வு ஒரே வரி: வியூபேஜர்2-ல் 'யூசர்இன்புட்எனேபிள்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் ஸ்வைப் நின்றுவிடும். டேப் தட்டினால் மட்டும் மாறும்.

இன்னொன்று, ஞாபகம். வரைபடத்தைப் பெரிதாக்கி ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 'கடல்' டேப்புக்குப் போய்விட்டுத் திரும்பினால், விட்ட இடத்திலேயே வரைபடம் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப முதலில் இருந்து லோடு ஆனால் டேட்டாவும் போகும், பேட்டரியும் போகும், பொறுமையும் போகும். ஒவ்வொரு டேப்பின் நிலையையும் தனித்தனியே சேமிக்கும் வசதி ஆண்ட்ராய்டின் நேவிகேஷன் நூலகத்தில் 2.4 பதிப்பு முதலே இருக்கிறது. பயன்படுத்தத்தான் வேண்டும்.

சிக்னலே இல்லைன்னா?

கரையில் இருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு, 2019 அக்டோபரில் மத்திய அரசு 'ஜெமினி' என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அது வாங்கி, ப்ளூடூத் மூலம் போனில் உள்ள செயலிக்குக் கொடுக்கும். அந்தக் கருவி இல்லாத படகில், கரையில் இருந்தபோது இறங்கிய தகவல்தான் மிச்சம்.

ஆகவே சிக்னல் இல்லாதபோது டேப்பைத் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. கடைசியாக வந்த தகவலைக் காட்ட வேண்டும். அது எப்போது வந்தது என்பதையும் காட்ட வேண்டும். 'அலை 1.2 மீட்டர்' என்று மட்டும் இருந்தால், நேற்றைய எண்ணை இன்றையது என்று நம்பி ஒருவர் படகைத் தள்ளிவிடலாம். எண்ணுக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், 'நேற்று மாலை 5 மணிக்கு வந்தது' என்று இருந்தால் அவர் ஒரு நிமிடம் நின்று கடலைப் பார்ப்பார்.