பாஸ்புக்கில் இல்லாத பெயர்

கடையம், ஆலங்குளம், சுரண்டை, கடையநல்லூர், புளியங்குடி என்று தென்காசி மாவட்டத்தில் எந்த ஊர்த் தெருவில் மத்தியானம் நடந்தாலும், மடியில் தட்டோடு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பி, சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கி முடிக்கிற வரை வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை நிற்காது. கட்டுக் கட்டாகக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே எண்ணிப் பார்த்து, சரியில்லை என்று கழிப்பதைக் கழித்து, மிச்சத்தைப் பாஸ்புக்கில் எழுதிக் கொடுப்பார்கள். பாஸ்புக்கில் இருப்பது ஒரு பெயர்தான். ஆனால் பல வீடுகளில் சுற்றியது ஒருத்தி அல்ல. மாமியார், மருமகள், படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் மகள் என்று இரண்டு மூன்று பேர் உழைப்பு அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிடும்.

சமூகக் கொள்கை, சட்டம், தரவு நீதி மூன்றையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் ஒரு மாணவி என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால், இந்தப் பாஸ்புக்கைத்தான் கையில் கொடுப்பேன்.

தரவு நீதி என்பது பல்கலைக்கழகங்களில் அண்மையில் வேர்பிடித்திருக்கும் துறை. யாருடைய விவரத்தை யார் எடுக்கிறார்கள், அதை வைத்து யாருக்கு எது கிடைக்கிறது, எது மறுக்கப்படுகிறது, தப்பாகப் பதிந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதெல்லாம் இதன் கேள்விகள். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2017இல் இதற்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கியது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை அரசாங்கம் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தி, அவர்களைக் கடனாளியாக்கியது. யாரைச் சந்தேகிப்பது என்று பொறுக்கித் தந்ததில் கணினிக்கும் பங்கு இருந்தது. அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. அங்கே பாடத்திட்டத்தில் ஏறியிருக்கும் இதே சங்கதி இங்கே இ-சேவை மையத்து வாசலில் தினமும் வரிசையில் நிற்கிறது. நம் கல்லூரிகள்தான் இன்னும் அதைப் பாடமாகப் பார்க்கவில்லை.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். வீட்டில் உட்கார்ந்து, தனக்குத் தோதான நேரத்தில் சுற்றுகிறவள் தொழிலாளியா? இல்லை என்றே கம்பெனிகள் சொல்லிவந்தன. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்றே கணக்கில் சேர்த்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1977இல் பி.எஃப். திட்டம் பீடித் தொழிலுக்கும் வந்தபோது மறுபடி வழக்கு. எங்கோ வீட்டில் சுற்றுகிறவள்மேல் எங்களுக்கு என்ன மேற்பார்வை இருக்கிறது என்று கேட்டார்கள். பி.எம். பட்டேல் அண்ட் சன்ஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. சரியில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறதே, மேற்பார்வைக்கு அது போதாதா என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். கடையில் அவளைக் கூசவைக்கும் அந்தக் கழிவே அவள் தொழிலாளி என்பதற்குச் சாட்சியாக நின்றது. சட்டம் படிக்கிற எவரும் இந்தத் தீர்ப்பை ஒரு பீடிக் கடை வாசலில் வைத்து ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பேன். 1966ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அது போய்விட்டது. எது தங்கியது, எது உதிர்ந்தது என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு முதுநிலை ஆய்வுக்குப் போதும்.

சட்டத்தில் வென்றதைப் பதிவேட்டில் இழக்கலாம் என்பது அடுத்த பாடம்.

2021இல் பி.எஃப். கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால்தான் மாதப் பணம் கட்ட முடியும் என்று ஆனது. பழைய ரெக்கார்டில் கடைக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். ஆதாரில் முகாமில் யாரோ தட்டச்சு செய்த பெயர். ஓரிடத்தில் அப்பா பெயரின் இனிஷியல், இன்னோரிடத்தில் வீட்டுக்காரர் பெயரின் இனிஷியல். லட்சுமியின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். வருஷக்கணக்காக இலை நறுக்கிய விரலில் ரேகை சரியாக விழாததால் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு.

பெயரைவிடப் பெரிய சிக்கல் பிறந்த தேதி. ஓய்வூதியம் 58 வயதில் தொடங்குகிறது. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். ஒரு வருஷம் தப்பாக இருந்தால் ஒரு வருஷத்துப் பணம் தள்ளிப்போகும். 2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனம் பிறந்த தேதிக்குச் சான்றாக ஆதாரை ஏற்பதை நிறுத்தியது. கணக்கு ஓட ஆதார் கட்டாயம். ஆனால் வயதைக் காட்ட ஆதார் செல்லாது. பள்ளிச் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். பத்து வயதில் தட்டோடு உட்கார்ந்தவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதைக் கேட்பாள்? சான்று எதுவும் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவரின் வயதுச் சான்று என்று ஒரு வழியை விதிகள் வைத்திருக்கின்றன. அந்த வழி இருப்பதை அவளிடம் யார் சொல்வது? ஒரு நாள் சுற்றலை விட்டுவிட்டு அவள் அலைவதற்கான கூலியை யார் தருவது? சமூகக் கொள்கை என்ற பாடம் இந்த இடத்தில்தான் ஆரம்பமாக வேண்டும்.

இனி, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னதன் தொடர்ச்சி அது. நம் விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமையை அதன் 12ஆவது பிரிவு தருகிறது. ஆனால் நாம் சம்மதித்தோ, நாமாகவே முன்வந்தோ கொடுத்த விவரத்துக்கு மட்டும்தான். உதவித்தொகை, மானியம் போன்றவற்றுக்காக அரசு சம்மதம் கேட்காமலே விவரத்தைக் கையாள 7ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த விவரத்துக்கு 12ஆவது பிரிவின் உரிமை வரவில்லை. விவரம் சரியாக இருக்க வேண்டும் என்ற கடமையைச் சட்டம் வேறொரு பிரிவில் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதிகாரிக்குக் கடமை இருப்பதும், அவரிடம் போய்த் திருத்து என்று கேட்க அவளுக்கு உரிமை இருப்பதும் ஒன்றல்ல. ஆன்லைன் கடையில் புடவை வாங்கும்போது கிடைக்கும் உரிமை அரசின் உதவி வாங்கும்போது கிடைக்காது என்றால், அது சட்டத்தில் விழுந்திருக்கும் ஓட்டை என்றே நான் கருதுகிறேன். போதாக்குறைக்கு, இதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் மாற்றி, பொது நலன் கருதித் தனிநபர் விவரத்தை வெளியிட அதில் இருந்த வாசலைச் சுருக்கிவிட்டது. மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்கென்று சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. இங்கிருந்து இதற்கு இன்னும் உரத்த எதிர்ப்பு வந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் பதிவானவர்களின் பாடு. பதிவே ஆகாதவர்கள் வேறு. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2017 மார்ச் மாத எல்லைகளை வைத்துத் தமிழ்நாட்டை 32 மாவட்டங்களாக எண்ணியது. அதனால் ரத்தசோகைக்கும் பேறுகால நலத்துக்கும் தென்காசிக்கென்று அதில் தனிக் கணக்கு இல்லை. திருநெல்வேலிக்குள் கலந்து கிடக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடக்கவில்லை. ஒரு மாவட்டம் தன் பெண்களின் நிலையைத் தன் பெயரில் சொல்ல முடியாமல் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

குற்றாலத்துக்கு வாருங்கள். சாரல் விழும் மூன்று மாதம் மெயினருவிக்கும் ஐந்தருவிக்கும் போகிற வழியெல்லாம் ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், துண்டு விற்கிறவர்கள். வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குறுகிய காலத் தொழிலாளர் என்று தனியே வைக்கும். சீசன் முடிந்ததும் களை பறிக்கவும் பீடி சுற்றவும் போகிறவர், எண்ண வருகிறவரிடம் எதைத் தன் தொழில் என்று சொல்வார்? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதோடு போயிற்று. 2027 கணக்கெடுப்பில் தென்காசி முதன்முறையாகத் தனி மாவட்டமாக எண்ணப்படும்போது அந்தப் பதில் அப்படியே விழுந்துவிடக் கூடாது.

படிக்க ஆள் இல்லாமல் இல்லை. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி. தென்காசிக்குப் பக்கத்திலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம். உலகம் முழுக்கப் போகும் மென்பொருள் அங்கே எழுதப்படுகிறது. பீடி சுற்றும் வீட்டுப் பெண்கள் புதுமைப் பெண் திட்டத்து 1,000 ரூபாயோடு கல்லூரிக்கு வருகிறார்கள். கொள்கை ஒரு கட்டடத்தில், சட்டம் ஒரு கட்டடத்தில், கணினி ஒரு கட்டடத்தில் என்று மூன்றும் ஒன்றையொன்று பார்க்காமல் நடக்கின்றன. எனக்கு இதில்தான் வருத்தம். அம்மாவின் பாஸ்புக்கில் எழுத்து ஏன் பொருந்தவில்லை என்று முதலில் கண்டுபிடிக்கக்கூடியவள், இ-சேவை மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போய் ஓடிபி சொல்லுகிற மகள்தான். அவளுக்குத் தெரிந்ததைப் பாடமாக்கும் வகுப்பு இன்னும் வரவில்லை.

புதுப் பட்டப்படிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கடைசி செமஸ்டர் புராஜெக்டை இப்படி வைக்கலாம். மூன்று துறையிலிருந்தும் ஒவ்வொரு மாணவி, மூவருக்கும் ஒரு தெரு. அந்தத் தெருவில் பாஸ்புக்கில் பெயர் இருப்பவர் யார், உண்மையில் சுற்றுகிறவர் யார், எந்த ரெக்கார்டில் எந்த எழுத்து இடிக்கிறது என்று, வீட்டார் சம்மதத்தோடு, அவர்கள் பெயர் வெளியே போகாமல் எழுதி எடுக்க வேண்டும். திருத்த முடிந்ததை அப்போதே மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும். மனுவுக்குப் பதில் வராதவற்றைச் சட்டக் கல்லூரி மாணவி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். வருமானச் சான்று கேட்க முடியாது.