சிம் உள்ள டேப்லெட் சங்கத்திற்கு அவசியமா?

நூல் இருப்பு, சேலை வரவு, கொள்முதல் எடை ஆகியவற்றை டேப்லெட்டில் பதியும் வழக்கம் இன்று பல சங்கங்களில் ஏற்பட்டுள்ளது. அதை வாங்கப் புறப்படும் நிர்வாகக் குழுவினர் முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயம், வைஃபை மட்டும் உள்ளது போதுமா, சிம் அட்டையும் ஏற்பது வேண்டுமா என்பதே.

விலை வித்தியாசம் சொற்பமன்று. 2010இல் ஐபாட் முதன்முதலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, 16 ஜிபி கொள்ளளவுள்ள வைஃபை வகை 499 டாலர். அதே கொள்ளளவில் சிம் வகை 629 டாலர். அதாவது கால் பங்குக்கு மேல் அதிகம். இன்று தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினும், சிம் வகைக்கு விலை கூடுதல் என்பது மாறவில்லை. அதன்மேல் மாதச் செலவும் உண்டு. 28 நாள் திட்டமெனில் ஆண்டுக்கு 12 முறையன்று, 13 முறை பணம் கட்ட வேண்டும். தறி ஓடாத மாதத்திலும் இச்செலவு ஓடும்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அந்த இணைப்பையே டேப்லெட்டுக்குக் கொடுக்கலாமே என்பர் சிக்கனம் விரும்பும் அங்கத்தினர். நியாயமான யோசனையே. கணக்குப் பதிவுக்குத் தரவு மிகக் குறைவாகவே செலவாகும். அதை விழுங்குவது படக்காட்சிதான். கைபேசியின் பாட்டரி விரைவில் தீரும் என்பதொன்றே குறை.

ஆனால் அந்தக் கைபேசி யாருடையது? எங்கள் சங்கத்தில் இதை எண்ணிப் பாராமல் வைஃபை வகையை வாங்கினோம். எழுத்தர் தம் கைபேசியிலிருந்து இணைப்புக் கொடுத்து வந்தார். அவர் நான்கு நாள் விடுப்பில் சென்றபோது, முடித்த சேலைகளுடன் வந்த நெசவாளர்கள் கூலி பதிவாகாமல் திரும்பினர். இருவர் அவ்வாரச் செலவுக்குக் கைமாற்று வாங்க நேர்ந்தது. கருவி சங்கத்தின் உடைமை. இணைப்போ ஒருவருடைய சட்டைப் பையில்! அவர் சொந்தப் பணத்தில் கட்டிய தரவைச் சங்கம் இலவசமாய் அனுபவித்து வந்ததையும் நாணத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

கண்காட்சிக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் பலர் கைமாறிச் செல்லும் டேப்லெட்டாயின் சிம் வகையே உசிதம். பின்னர் அந்த வசதியைச் சேர்க்க இயலாது. வாங்குமுன், எந்த நிறுவனத்தின் சிம்மைப் போடப் போகிறோமோ அதே சிம் உள்ள கைபேசியை அவ்விடங்களுக்குக் கொண்டுசென்று அலைவரிசை கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தோட்டம் தோட்டமாகச் சென்று பயிர் விவரம் எடுப்பவருக்கோ, இணைப்பில்லாமலே பதிவுகளைச் சேமித்து, மாலையில் அலுவலகத்திலிருந்து அனுப்பும் செயலி இருந்தால் சிம் தேவையில்லை.

நிலத்தின் இருப்பிடம் குறிப்பதெனில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபாடின் வைஃபை வகையில் ஜிபிஎஸ் இல்லை. சிம் வகையில் உண்டு. பிற நிறுவனங்களின் வைஃபை டேப்லெட்டுகள் சிலவற்றில் அது இருப்பதால், விவரக் குறிப்பைப் படித்தே வாங்க வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து செய்தி பெறுவது. அதற்குத் தரவுத் திட்டம் வேண்டுவதில்லை. சிம் இருந்தால் தொலைபேசியாகவும் உதவும் என்று நம்புவோரும் உளர். ஐபாடில் சிம் இருப்பினும் சாதாரணத் தொலைபேசி அழைப்பு செய்ய இயலாது.

எங்கள் சங்கத்தில் டேப்லெட்டை மாற்றவில்லை. சங்கத்தின் பெயரிலேயே ஒரு சிம் எடுத்து, அதைச் சிறிய ஹாட்ஸ்பாட் கருவியில் இட்டு அலுவலக அலமாரியில் வைத்துள்ளோம். அலமாரிச் சாவி இப்போது இருவரிடம் இருக்கிறது.