வழுக்கையும் வம்சமும்

சென்ற ஆண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, கடன் பேரேட்டில் ஒரு பற்று என் கண்ணை உறுத்தியது. 24 வயதுள்ள அங்கத்தினர் ஒருவர் ‘வைத்தியச் செலவு’ என்று காரணங்காட்டி 18,000 ரூபாய் பெற்றிருந்தார். என்ன வியாதி என்று வினவினேன். அவர் ஒன்றும் பேசாமல் தலையிற் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி பின்வாங்கி, உச்சியில் உள்ளங்கையளவு தோல் தெரிந்தது. வீட்டிலோ அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தைலம் விற்கும் ஒருவரிடம் தவணை தவணையாகப் பணங்கட்டி, 14 மாதங்கள் காத்திருந்திருக்கிறார். பணம் போனதினும் அம்மாதங்கள் போனதே பெரிய நஷ்டம். அது ஏன் என்பதை விளக்கவே இதனை எழுதுகிறேன். எழுதுபவனும் அவ்வழியே போய்க்கொண்டிருப்பவன்தான் என்பதை என்னைக் கண்ட அங்கத்தினர்கள் அறிவார்கள்.

வெயிலாலும் உப்புநீராலும் தலைப்பாகையாலும் வழுக்கை விழுகிறது என்பது நம் ஊர்களில் வழங்கும் அபிப்பிராயம். ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் உண்மைக் காரணத்தை 1942-இல் வெளியிட்டார். பருவமடையுமுன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று அவர் கண்டார். அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிரத் தொடங்கிற்று. குடும்பத்தில் இல்லாதவர்களுக்கோ உதிரவில்லை. ஆகவே சுரப்பு மட்டும் போதாது, வம்சமும் வேண்டும். வம்சம் மட்டும் போதாது, சுரப்பும் வேண்டும்.

அச்சுரப்பின் ஒரு பகுதியை ஐந்து ஆல்பா ரிடக்டேஸ் என்னும் நொதி, டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமிக்க பொருளாக மாற்றுகிறது. வம்சக் கூறு உடையவர்களின் நெற்றியிலும் உச்சியிலுமுள்ள மயிர்க்கால்கள் அதனாற் சுருங்குகின்றன. நெசவாளர்க்கு இதைச் சொல்வது எளிது: 40-ஆம் நம்பர் நூல் வந்த இடத்தில் 60 வருகிறது, பிறகு 100 வருகிறது, கடைசியில் கண்ணுக்கே தெரியாத பூனைமயிர் வருகிறது. முடி ஒரேநாளிற் கொட்டிவிடுவதில்லை. ஈடுக்கு ஈடு மெலிகிறது. மிகச் சுருங்கி நெடுநாள் கழிந்த மயிர்க்காலை மருந்தினால் மீட்பது அரிது. 14 மாதங்களைப் பற்றி நான் வருந்தியது இதனாலேயே.

பிடரியிலும் காதோரங்களிலும் உள்ள மயிர்க்கால்கள் இப்பொருளுக்குப் பெரும்பாலும் அசைவதில்லை. அங்கிருந்து எடுத்து உச்சியில் நட்டாலும் தம் குணத்தை விடுவதில்லை. நார்மன் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் 1959-இல் எழுதிய இவ்வுண்மையின் மேல்தான் இன்றைய முடி நாற்றுநடவு முழுவதும் நிற்கிறது.

‘தாய்வழிப் பாட்டன் தலையைப் பார்’ என்று நாவிதர்கள் சொல்வதுண்டு. அதில் பாதி மெய். ஆண்மைச் சுரப்பை ஏற்கும் வாயிலுக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; மகன் அதைத் தாயிடமிருந்தே பெறுகிறான். ஆனால் 52,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் ஆண்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான முடிவு, வழுக்கையோடு தொடர்புடைய மரபணு இடங்கள் 250-க்கும் மேற்பட்டவை என்றது. அவற்றிற் பெரும்பாலானவை தந்தையிடமிருந்தும் வரக்கூடியவை. என் தந்தைக்கு 70 வயதிலும் சீப்பு முறியும் முடி. எனக்கு வாய்த்தது தாய்வழிப் பாட்டனாரின் தலை. என் தம்பிக்கோ தந்தையின் தலை!

வைத்தியம் இரண்டு வழிகளில் வந்தது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்னும் ஊரில், மேற்சொன்ன நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்கள் இருப்பதை 1974-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவர்களுக்கு நெற்றி முடி பின்வாங்குவதில்லை. அந்நொதியைத் தடுக்கும் பினாஸ்டிரைடு மாத்திரை, 1 மில்லிகிராம் அளவில், வழுக்கைக்கென 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மினாக்சிடில் என்பதோ இரத்தக் கொதிப்பு மருந்து. உண்டவர்களுக்கு மேனியெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டு தலையிற் பூசும் திரவமாக்கினர். 1988-இல் அதற்கும் அங்கே அனுமதி கிடைத்தது. பூசத் தொடங்கிய முதற்சில வாரங்களில் முடி அதிகமாக உதிரலாம். அஞ்சி நிறுத்துவோர் பலர். பலன் தெரிய 4 முதல் 6 மாதங்கள் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் வந்தது போய்விடும்.

பினாஸ்டிரைடை மருத்துவர் சீட்டின்றி எவரும் உண்ணலாகாது. சிலருக்குப் புணர்ச்சி விருப்பம் குன்றுகிறது, சிலருக்கு மனச்சோர்வு வருகிறது. நிறுத்திய பின்னும் அது நீடித்ததாகச் சொல்வோர் உண்டு. உண்ணுங்காலத்திலும், நிறுத்திய ஒரு மாதம்வரையிலும் இரத்ததானம் செய்யக்கூடாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடலாகாது.

எல்லா முடி உதிர்வும் வம்ச வழுக்கையன்று. கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் தானே திரும்பும். வட்டமாக விழும் புழுவெட்டு வேறு நோய். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதற்காகவே.

அந்த இளைஞரை அரசு மருத்துவமனைத் தோல்பிரிவுக்கு அனுப்பினேன். மினாக்சிடில் எழுதிக்கொடுத்தார்கள். எட்டு மாதங்களுக்குப் பின் மறுபடி சங்கத்துக்குச் சென்றபோது அவர் துண்டில்லாமல் வந்து நின்றார். உச்சியிற் சிறிது அடர்த்தி கூடியிருந்தது. நெற்றி ஓரங்கள் போனவை போனவையே. தைலக் கடனில் இன்னும் ஐந்து தவணைகள் பாக்கி.